தானாக நின்ற கார்

மூன்று நாள் அடைமழை விட்ட காலையில் காரைப் பின்பக்கமாக எடுத்துப் படலையடியில் பிறேக்கை மிதித்தேன். 'கறார்ர்' என்று ஒரு சத்தம். குசினி யன்னலால் மனைவி தலையை நீட்டி, "என்ன உது, காருக்குள்ளை தேங்காய் துருவுறியளோ?" என்று கேட்டாள். பயப்படுகிற சத்தம் இல்லை அது. டிஸ்க் பிறேக் உள்ள காரை இரண்டு நாள் ஈரத்தில் விட்டால், சில்லுக்குள் வெளியே தெரிகிற அந்த இரும்புத் தட்டில் மெல்லிய துரு படரும். முதல் இரண்டு மூன்று மிதியில் சுரண்டுப்பட்டுப் போய்விடும். "தட்டு முகம் கழுவுது, வேறை ஒண்டுமில்லை" என்று மனைவிக்குச் சொன்னேன்.

எங்கள் ஒழுங்கைச் சந்து முடிந்து பெரிய வீதிக்குத் திரும்பும்போதுதான், அது என்னுடைய சொல் இல்லை, அருளப்பண்ணையின் சொல் என்பது உறைத்தது. அந்த மனுசனோடு இதே டிஸ்க் பிறேக்குக்காக எத்தனை தரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். இன்று என் வாயால் அவருடைய கட்சியைப் பேசுகிறேன். கேட்டிருந்தால் ஒரு சோடா வாங்கித் தந்திருப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யுத்தத் தடையால் பெற்றோல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வராத காலம். நான் யாழ்ப்பாணம் ஸ்ராண்டில் வாடகைக் கார் ஓடினேன். அக்காவின் புருசன் வெளிநாடு போகும்போது "உடைச்சுப்போடாதை" என்ற ஒரேயொரு புத்திமதியோடு என்னிடம் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் அது. சின்னப் போத்தலில் இருந்து இரண்டு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டவேண்டும். புதிய கார்களுக்கு மண்ணெண்ணெய் செமிக்காது. அவை பலா மரத்துக்குக் கீழே கல்லில் ஏறி, கிடுகு மூடிக்கொண்டு படுத்திருந்தன. ஓய்வெடுத்திருந்த கிழட்டு இங்கிலிஸ் கார்கள் எல்லாம், திரும்ப வேலைக்குக் கூப்பிடப்பட்ட பென்சன்காரரைப் போல இருமி இருமி வீதிக்கு வந்திருந்தன.

புதிய கார்களில் ஒன்றைப் பிடிவாதமாக மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டியவர் அருளப்பண்ணை ஒருவர்தான். கொழும்புத்துறை ஆள். தகப்பன் பாட்டன் எல்லாம் கடலுக்குப் போனவர்கள். இவருக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. வள்ளத்தில் ஏறினால் சத்தி எடுப்பாராம். யப்பான் கார், முன் சில்லு இரண்டுக்கும் டிஸ்க் பிறேக். தட்டை இறுக்கிப் பிடிக்கிற பாட் தேய்ந்து, புதிது வாங்க வழியில்லாமல், லொறி லைனிங்கை வெட்டி ஒட்டி வைத்திருந்தார். அதனால் பிறேக் பிடிக்கும்போது பன்றியைப் பிடித்த மாதிரிக் கத்தும். பின்னேரம் அவர் வீடு திரும்புவது கொழும்புத்துறை முழுக்கத் தெரியும் என்பார்கள்.

ஓட்டம் இல்லாத நேரத்தில் எங்களுக்கு வேறு என்ன வேலை? நான் டிறம் பிறேக் கட்சி. எங்கள் செம்மண் புழுதிக்கு மூடின சாமான்தான் சரி. கவிழ்த்த சட்டி போல டிறம், அதற்குள்ளே இரண்டு பிறைக் கட்டைகள். மெல்ல மிதித்தாலே கட்டை தானாக இறுகிக்கொள்ளும். டிஸ்க்குக்கு இப்படி இழுவை கிடையாது, காலை ஊன்றி மிதிக்கவேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு வெற்றியோடு இருப்பேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவார்.

"உன்ரை சட்டிக்குள்ளை என்ன நடக்குதெண்டு உனக்குத் தெரியுமோ? தெரியாது. எரியுதோ, ஊறுதோ, ஒட்டிக்கொண்டு நிக்குதோ, ஒண்டும் தெரியாது. என்ரை தட்டு வெளியிலை நிக்குது. சூடெண்டால் காத்துப் படும். தண்ணியெண்டால் வழிஞ்சு போகும். வருத்தமெண்டால் வாய்விட்டுக் கத்தும்."

"அது கத்துறதைக் கேட்டு எங்களுக்கல்லோ வருத்தம் வருது" என்பேன் நான்.

இப்படியே பொழுது போன நாட்களில்தான் பவளமக்கா என் காருக்கு வந்தா. தெல்லிப்பழைக்கும் அப்பால், கடலோரம் போகிற பக்கம் அவவின் ஊர். இராணுவம் முன்னேறி வர, அந்தப் பக்கம் முழுவதும் ஒரே நாளில் எழும்பி ஓடிவந்தது. அவவும் புருசனும் சண்டிலிப்பாயில் தமக்கை வீட்டுப் பின் அறையில் ஒதுங்கினார்கள். வந்து இரண்டாம் நாள், "மாடு கட்டினபடி நிக்குது, அவிட்டு விட்டிட்டு வாறன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் இப்படிப் போனார்கள் தெரியுமா? வீட்டை விட்டார்கள், நகையை விட்டார்கள். கட்டையில் நிற்கிற மாட்டை மட்டும் அவர்களால் விடமுடியவில்லை. போனவர்களில் சிலர் வந்தார்கள். சிலருடைய மாடு மட்டும் வந்தது.

பவளமக்காவின் மாடு வந்துவிட்டது, கழுத்தில் அறுக்கப்படாத, வடிவாக அவிழ்க்கப்பட்ட கயிற்றோடு. அதுதான் அவவைப் பிடித்துக்கொண்டது. அவிழ்த்த கை எங்கேயோ இருக்கவேண்டும்தானே. ஒவ்வொரு வெள்ளியும் ஆட்கள் போக விடப்பட்ட கடைசி வளைவு வரைக்கும் போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வருவா.

போகும்போது வேறும் மூன்று நான்கு பேர் ஏறுவார்கள். ஒழுங்கை ஒழுங்கையாக நிற்பாட்டி இறக்கிக்கொண்டு போவேன். கடைசித் துண்டில் அவவும் நானும் மட்டும்தான். இரண்டு பக்கமும் ஆளில்லாத வீடுகள். கதவுகள் திறந்தபடி. ஒரு வீட்டுக் கொடியில் யாரோ காயப்போட்ட சாரம் வெயிலில் நிறம் போய்ப் பழந்துணியாகத் தொங்கியது. காற்றுக்கு மட்டும் ஆடும். நல்ல வெயில், உச்சிப்பொழுது, ஆனால் எனக்கு முதுகு குளிரும். நான் ஒன்றும் பெரிய தைரியசாலி இல்லை. அந்தத் துண்டில் எப்போதும் கொஞ்சம் உரத்துப் பாடுவேன், பாட்டு வராத தொண்டையால்.

ஒரு வெள்ளி, அந்தக் கடைசித் துண்டு ஒழுங்கையில் ஒரு வேப்பமரத்தடியில் கார் நின்றுவிட்டது. என்ஜின் ஓடுகிறது, கியரும் விழுகிறது, ஆனால் சில்லு உருளவில்லை. யாரோ பின்னால் இருந்து பிடித்து வைத்திருப்பது போல இருந்தது. இறங்கினேன். கருகின மணம். சில்லைத் தொட்டால் கை பொரியும் சூடு. பிறேக் பிடித்துக்கொண்டது என்பது உடனே விளங்கியது. ஏன் பிடித்தது என்பது விளங்கவில்லை. அரைமணி நேரம் நின்றோம். பிறகு ஒரு 'டிக்' சத்தம், கார் தானாக ஓர் அங்குலம் உருண்டது. ஒன்றும் நடக்காதது போலத் திரும்பவும் ஓடியது.

அடுத்த வெள்ளியும் அதே இடம். அதற்கடுத்த வெள்ளியும் அங்கேதான். நேர்மையாகச் சொன்னால், ஒருநாள் வேம்புக்கு முன்னாலும் ஒருநாள் இரண்டு வீடு தள்ளியும் நின்றிருக்கும். ஆனால் எங்கள் இருவருக்கும் அது ஒரே இடமாகத்தான் தெரிந்தது. நகரத்துக்குள் எத்தனை ஓட்டம் ஓடினேன், ஒருநாளும் நிற்கவில்லை. திரும்பி வரும்போது நேரே பெரிய றோட்டால் வருவேன், அப்போதும் நிற்கவில்லை. அந்த ஒழுங்கையில் மட்டும்.

கார் நின்றதும் நாய்கள் வரும். ஆட்கள் விட்டுவிட்டுப் போன நாய்கள். குரைக்காது. ஒவ்வொன்றாக வேலி ஓட்டையால் வந்து, காரைச் சுற்றி இருந்துவிடும். ஒன்றும் கேட்காது, வாலும் ஆட்டாது. எங்களைப் பார்த்தபடி இருக்கும். நாய் குரைத்தால் பயம் என்று நினைப்பவர்கள் குரைக்காத நாயைப் பார்த்ததில்லை. வேம்புக்கு எதிர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற துலா ஒன்று இருந்தது. காற்று இல்லாத நாளிலும் அது 'கிறீச்' என்று ஒருதரம் முனகும்.

மூன்றாந்தரம் நின்றபோது பவளமக்கா கதவைத் திறந்து இறங்கினா. புருசனின் பெயரைச் சொல்கிற வழக்கம் அவவுக்கு இல்லை. அந்த எதிர் வீட்டு மதிலடியில் நின்று, "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டா. சத்தம் வெறும் வீட்டுக்குள் போய்த் திரும்பி வந்தது. நான் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தேன்.

"உது எங்கடை வீடில்லைத் தம்பி" என்றா திரும்பி வந்து. "ஆனா இவடத்திலை நிக்கச் சொல்லி ஆரோ மறிக்கினம்."

"பிறேக் சூடேறிப் போச்சு அக்கா."

"ஓம், அதுதான். இவடத்திலை ஏன் சூடேறுது?"

நான் இறங்கிப்போய்த் திரும்பவும் சில்லைத் தொட்டுப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவ சோறு கட்டிக்கொண்டு வரத் தொடங்கினா. வாழையிலையில் சோறும் கறியும், மேலே கடுதாசி, நூல் கட்டு. கார் நின்றதும் இறங்கிப்போய் அந்த மதிலில் வைப்பா. நாய்கள் தின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. நாய்கள் தின்னட்டும், அவையும் பாவம்தானே. அடுத்த வெள்ளி வந்து பார்த்தோம். மதிலில் சோறு இல்லை. கடுதாசி இருந்தது, நாலாக மடித்து, மேலே ஒரு கல் வைத்து. நூல் சுருட்டி அதற்குப் பக்கத்தில்.

நாய்க்குக் கடுதாசி மடிக்கத் தெரியாது. பவளமக்கா அதை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டா. முகம் விளக்குக் கொளுத்தின மாதிரி இருந்தது. எனக்கோ அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது, சில்லு விடவேண்டுமே. அன்று அந்த அரைமணி நேரம் நான் எதிர் வீட்டின் திறந்த கதவைப் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அங்கே யார் இருந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. வழி தவறின பெடியன் யாராவது இருக்கலாம், வீட்டை விட்டு வர மனமில்லாத கிழவர் யாராவது இருக்கலாம். அவவின் புருசனாகவும் இருக்கலாம், ஏன் இருக்கக்கூடாது? உள்ளே போய்ப் பார்க்கத்தான் இருவருக்கும் கால் எழும்பவில்லை.

ஸ்ராண்டில் நான் ஒருநாள் இதைச் சொன்னபோது அருளப்பண்ணை சிரிக்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

"என்ன ஒயில் விட்டனி?"

பிறேக் ஒயிலும் அப்போது வராத சாமான்தான். ஆமணக்கெண்ணெயில் ஸ்பிறிட் கலந்து ஊற்றுவோம். காருக்குப் பேதி குடுக்கிறாங்கள் என்று சனம் சிரிக்கும். பிறகு ஸ்பிறிட்டும் கிடைக்காமல் போக, 'அசல் சாமான்' என்று ஒருவன் லேபல் இல்லாத போத்தலில் விற்றதை வாங்கி ஊற்றியிருந்தேன். அருளப்பண்ணை விரலில் தொட்டு மணந்து பார்த்துவிட்டு, அது என்ஜின் ஒயில் கலந்தது என்றார்.

காலடிப் பலகையைக் கழற்றி, கீழே இருந்த பிறேக் சிலிண்டரைப் பிரித்தோம். உள்ளே இருந்த சின்ன றபர், பிழையான எண்ணெய் குடித்து, ஊறின கடலை போல வீங்கிக் கிடந்தது. காலை எடுத்ததும் எண்ணெய் திரும்பி வருகிற சின்னத் துளை ஒன்று உண்டு. அதை வீங்கின றபர் அடைத்துவிட்டது. ஒவ்வொரு மிதிக்கும் கட்டை கொஞ்சம் கொஞ்சமாக டிறத்தில் உரசியபடி நிற்கும். உரசச் சூடு, சூட்டில் எண்ணெய் பெருக்கும், பெருக்க இன்னும் இறுகும். ஒழுங்கை ஒழுங்கையாக நின்று ஆள் இறக்கி, இத்தனை மிதி மிதித்து, இவ்வளவு தூரம் போனால் பூட்டிக்கொள்ளும். அந்த அளவு வேப்பமரத்தடியில் முடிகிறது. ஆறினால் விடும். நகரத்துக்குள் சின்னச் சின்ன ஓட்டம், இடையில் ஆறிவிடும். இவ்வளவுதான்.

"என்ரை தட்டெண்டால் முதல் நாளே புகையும், உனக்குக் கண்ணாலை தெரிஞ்சிருக்கும். உது மூடின சட்டி. பேய் குடியிருக்க நல்ல வசதி" என்றார். அன்றோடு என் டிறம் கட்சி தோற்றது. அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய வெற்றி அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் அதைக் கொண்டாடவும் இல்லை. "கெதியா மாத்து. மேலாலை ஹெலிகொப்ரர் சுட வரேக்கை ஓடேலாமல் நிண்டியெண்டால், அந்த மனுசியையும் சேத்துப் பலி குடுப்பாய்."

பழைய றபர் ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டோம். ஸ்பிறிட் அவர் எங்கேயோ கெஞ்சிக்கூத்தாடிக் கொண்டுவந்தார். ஆமணக்கெண்ணெயும் சேர்த்து ஊற்றி, குழாய்க்குள் நின்ற காற்றை வெளியே எடுத்தோம். பிறேக் புதுக்கார் போல இருந்தது.

அடுத்த வெள்ளி ஏறியதுமே பவளமக்காவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். றபர், துளை, சூடு எல்லாம். அவ ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தா. மடியில் சோற்றுப் பார்சல். ஆட்களை இறக்கினேன். ஒழுங்கைக்குள் திரும்பினேன். வேம்பு வந்தது. கார் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போனது. நாய்கள் வேலியடியில் எழும்பி நின்று பார்த்தன.

"நிப்பாட்டவோ அக்கா? சோத்தை வைச்சிட்டு வாங்கோ."

அவ திரும்பி அந்த மதிலைப் பார்த்துக்கொண்டே வந்தா. "வேண்டாம் தம்பி" என்றா. "தானாய் நிக்கேல்லை."

கடைசி வளைவில் நிற்பாட்டினேன். வழக்கமாக அவ இறங்கி, கையை நெற்றியில் வைத்து வடக்கே பார்த்துக்கொண்டு நிற்பா. அன்று பார்க்கவில்லை. வீதியோரக் கல் ஒன்றில் பார்சலை அவிழ்த்து, இலையை விரித்து, சோற்றைக் கையால் பிசைந்தா. பிறகு நிமிர்ந்து, "கா, கா" என்று கூப்பிட்டா.

காகத்துக்கு யார் பெயரில் சோறு வைப்பது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எங்கிருந்தோ ஒரு காகம் வந்து இறங்கியது. அவ அது தின்று முடியும் வரைக்கும் நின்றா. பிறகு சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினா. பொட்டு இல்லை. சண்டிலிப்பாய் வரும் வரைக்கும் நான் பாடவில்லை.

செத்தவருக்கு அந்தியேட்டிக் கடமை செய்கிற கீரிமலைக் கரைக்குப் போக முடியாத காலம். அந்தியேட்டியை எந்தக் கடலிலாவது செய்யவேண்டும். பவளமக்காவின் புருசனுக்கு உடல் இல்லாததால் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து எரித்து, முப்பத்தோராம் நாள் கடமையைக் கொழும்புத்துறைக் கரையில் வைத்தார்கள். முதல்நாள் இரவு பெய்த மழையில் கரையோர வீதியில் முழங்கால் தண்ணீர். என் மைனரின் டிறத்துக்குள் தண்ணீர் போனால் கொஞ்சத் தூரத்துக்குப் பிறேக்கே இருக்காது. அருளப்பண்ணை தன் காரைக் கொண்டுவந்தார். சிலுவை போடுகிற வேதக்காரன், சைவக் கிரியைக்கு ஐயரையும் பிண்டத்தையும் ஏற்றிக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்கி ஏறி, கரையில் கீச்சென்று கத்திக்கொண்டு நின்றார். அன்று அந்தச் சத்தத்துக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

எல்லாம் முடிந்து ஈரச் சேலையோடு வந்து பவளமக்கா எனக்குப் பக்கத்தில் நின்றா.

"எனக்கு விளங்காமலில்லைத் தம்பி. எண்ணெய்தான், றபர்தான். நீர் சொன்னது முழுக்க விளங்கினது. ஆனா அது நிண்ட நாளெல்லாம் ஆரோ இருக்கினமெண்டு ஒரு நினைப்பு. நானாய் விடமாட்டன். அது விட்டிட்டுது."

அழுகை வந்தது எனக்குத்தான். அவ அழவில்லை.

இதற்குப் பிறகு ஒருநாள் வேறொரு ஓட்டம் போய், வெறும் காரோடு அந்த ஒழுங்கையால் வரவேண்டி வந்தது. வேப்பமரத்தடியில் கார் நின்றது. குனிந்து பார்த்தேன், என் கால் பிறேக்கில் இருந்தது. மிதித்த நினைவே எனக்கு இல்லை. சில்லைத் தொட்டேன், பச்சைத் தண்ணீர் போலக் குளிர். நாய்கள் வந்து இருந்தன. தேநீர்க்கடையில் வாங்கின பணிஸ் ஒன்று சீற்றில் இருந்தது. அதைக் கடுதாசியோடு மதிலில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் ஏறி வந்தேன். அடுத்த கிழமை அந்த ஒழுங்கையும் பூட்டுப்பட்டது. கடுதாசி மடிக்கப்பட்டதா என்று எனக்குத் தெரியாது.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க வர, ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, மண்ணெண்ணெயும் இல்லாமல் மைனரைக் கொட்டிலுக்குள் விட்டுப் போனேன். திரும்பி வந்தபோது கொட்டில் இருந்தது, கார் இல்லை. அருளப்பண்ணை காரோடு போனார், காரில்லாமல் வன்னியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன், பிறகு ஆளே இல்லை என்றும் கேள்விப்பட்டேன். மண்ணெண்ணெயில் ஓடுகிற கார், லேபல் இல்லாத போத்தல், ஸ்ராண்டில் எங்கள் சண்டை, ஒன்றும் மிச்சமில்லை.

யுத்தம் முடிந்து அந்தப் பக்கம் திறந்துவிட்ட பிறகு, பவளமக்கா சொல்லி அனுப்பினா. அவவுக்கு எண்பது தாண்டிவிட்டது. என் காரில் முன்சீற்றில் ஏற்றிக்கொண்டு போனேன். "எங்கடை வீட்டு வளவுக்குப் போக முதல், அந்த இடத்திலை ஒருக்கா நிப்பாட்டும்" என்றா.

ஒழுங்கை இப்போது நேரான தார் றோட்டு. வேம்பு இல்லை. மதில் இல்லை. கிணறு இருந்த அடையாளமும் இல்லை. இரண்டு பக்கமும் தட்டையான வெளி, பற்றை. நான் வேகத்தைக் குறைத்தேன்.

"எவடம் அக்கா?"

அவ இந்தப் பக்கம் பார்த்தா, அந்தப் பக்கம் பார்த்தா. "உமக்குத் தெரியாதே தம்பி?"

"தெரியேல்லை அக்கா."

"ஓம், எங்களுக்கு எப்பிடித் தெரியும்? அப்ப நாங்களோ நிப்பாட்டினது?" என்றா. பிறகு கையை டாஷ்போட்டில் ஊன்றிக்கொண்டு, "மெல்லமாப் போம். நிக்கிறதெண்டால் தானாய் நிக்கட்டும்" என்றா.

நான் பிறேக்கில் இருந்து காலை எடுத்தேன். கடல் தெரியும் வரைக்கும் அப்படியே போனோம். கார் எங்கும் நிற்கவில்லை.